வெளியில் வைக்கும் பெட்டிக்கு ஓர் ஓட்டை போடுங்கள்

வெளியில் மாட்டிய சர்க்யூட் ஒன்று செத்துப்போனால் பழி முதலில் மழை மேல்தான் விழும். எங்கோ தண்ணீர் புகுந்துவிட்டது என்று முடிவு கட்டி, அடுத்த முறை இன்னும் நிறைய சிலிக்கோன் பசை அப்பி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, திருகாணியை இன்னும் அரைச் சுற்று முறுக்கி மாட்டுவோம். சில மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே அதே கதை. மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர், போர்டில் பச்சைக் களிம்பு. பல சமயம் முன்பைவிட நீர் கூடியே இருக்கும்.

வானிலைக் கருவி, செடிகளுக்கு நீர் பாய்ச்சும் கட்டுப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்க்கும் சென்சார் என்று வெயிலிலும் மழையிலும் கிடக்கும் சர்க்யூட்டுகளோடு ரொம்ப காலமாக மல்லுக்கட்டி வருகிறேன். இந்த விஷயத்தில் என் கட்சி ஒன்றுதான்: வீட்டில் செய்யும் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்க முடியாது. அதனால் நீர் உள்ளே வராமல் தடுக்க ஓரளவு மெனக்கெட்டால் போதும். மீதி உழைப்பை, வந்த நீர் வெளியே போக வழி செய்வதிலும், நனைந்தாலும் பிழைத்துக்கொள்ளும் போர்டு செய்வதிலும் போட வேண்டும்.

கணக்கைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியை 30 டிகிரி செல்சியஸும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள நேரத்தில் மூடுகிறோம். உள்ளே அடைபட்ட காற்றில் இருக்கும் நீராவி மொத்தம் சுமார் 24 மில்லிகிராம். அரைச் சொட்டுத் தண்ணீர். அவ்வளவுதான் என்றால் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

ஆனால் பெட்டி தினமும் மூச்சு விடுகிறது. நல்ல வெயிலில் உள்வெப்பம் 60 டிகிரி வரை ஏறும். காற்று விரிந்து, மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள ரப்பர் வளையத்தின், அதாவது கேஸ்கெட்டின், இண்டு இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறும். மாலையில் சடாரென்று மழை கொட்டி, பெட்டி 25 டிகிரிக்கு இறங்கினால் உள்ளே அழுத்தம் ஏறக்குறைய 10 சதவீதம் குறையும். கேட்கச் சின்னதாக இருக்கிறது. தண்ணீர்க் கணக்கில் அது ஒரு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம். சுவரில் மாட்டிய பெட்டி அந்த நேரத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் மூழ்கிக் கிடப்பதற்குச் சமம். அதுவும் மூடி மேல் மழைநீர் வழிந்துகொண்டிருக்கும் அதே நிமிடத்தில்! கேஸ்கெட்டின் விளிம்பில் மெல்லிய கோடாக நிற்கும் நீர் போதும். காற்று போகவேண்டிய வழியில் அது உள்ளே இழுக்கப்படும்.

இதில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. நீர் திரவமாக ஒரு நொடியில் உள்ளே வந்துவிடுகிறது. வெளியே போக வேண்டுமானால் ஆவியாகி, அதே நூலிழை இடுக்கு வழியாக நாள்கணக்கில் கசிய வேண்டும். இறுக்க இறுக்க வரும் வழியும் சுருங்கும், போகும் வழியும் சுருங்கும். ஆனால் உறிஞ்சும் விசை அப்படியே இருக்கும். பசை கூடக் கூட நீர் கூடுவதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

கடையில் வாங்கும் பெட்டிகளில் ஐபி65, ஐபி67 என்று போட்டிருக்கும். ஐ.ஈ.சி 60529 என்ற தர நிர்ணயத்திலிருந்து வருவது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 5 என்றால் பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். பொய்யான எண்கள் இல்லை. ஆனால் அந்தச் சோதனை புதுப் பெட்டிக்கு, ஒருமுறை செய்வது. வெயிலில் சுட்டு மழையில் குளிர்விப்பதை மாதக்கணக்கில் செய்து பார்ப்பது அதில் கிடையாது. நீராவியைப் பற்றியும் அதில் பேச்சில்லை. போதாக்குறைக்கு, பெட்டியை வாங்கியதும் நாம் செய்யும் முதல் வேலை அதில் ட்ரில் வைத்து ஓட்டை போடுவது. அந்த நொடியிலிருந்து அதன் ஐபி எண் நம் கைவேலையைப் பொறுத்தது.

மழையே பெய்யாத இரவுகளும் நல்லவை அல்ல. மேகமில்லாத வானத்தின் கீழ் பெட்டியின் மேல்மூடி வெப்பத்தை மேலே வீசிக்கொண்டே இருக்கும். சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி கீழேகூடப் போய்விடும். 30 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றுக்குப் பனிநிலை, அதாவது அதிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 24 டிகிரி. மூடி அதற்குக் கீழே குளிர்ந்தால் உட்பக்கம் வியர்க்க ஆரம்பிக்கும். பகலில் வெயிலும் இரவில் திறந்த வானமும் ஒரே மூடியைத்தான் தாக்குகின்றன என்பதால் இரண்டுக்கும் மருந்தும் ஒன்றே: பெட்டிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு, வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் ஒரு தகடு. பகலில் நிழல், இரவில் போர்வை, மழைக்குக் கூரை. வெளியில் வைக்கும் கருவிக்கு ஒரே ஒரு வேலைதான் செய்வேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

சரி, ஓட்டைக்கு வருவோம். மாட்டிய நிலையில் பெட்டியின் மிகத் தாழ்ந்த மூலை எதுவோ அங்கே 4 அல்லது 5 மில்லிமீட்டரில் ஒன்று. அதைவிடச் சின்னதாகப் போட்டால் நீரின் பரப்பு இழுவிசையால் சொட்டு அடைத்துக்கொண்டு நிற்கும். எறும்பும் சிலந்தியும் வராமலிருக்க உள்பக்கம் நைலான் அல்லது எவர்சில்வர் வலைத்துண்டு ஒன்றை ஒட்டவேண்டும். எறும்புகளுக்கு வெதுவெதுப்பான போர்டு மேல் அலாதிப் பிரியம். வலை போடாத பெட்டியில் அவை முட்டை சகிதம் குடியேறிவிடும். இந்த ஓட்டை வழியே அழுத்தம் சமமாகிவிடுவதால் கேஸ்கெட் பக்கம் உறிஞ்சல் இருக்காது. உள்ளே சேர்ந்த நீரும் கீழே இறங்கிவிடும்.

திறந்த ஓட்டை மனசுக்கு ஒப்பவில்லை என்பவர்களுக்கு மெம்பரேன் அடைப்பான் இருக்கிறது. 1969ல் பாப் கோர் கண்டுபிடித்த நீட்டிய டெஃப்ளான் சவ்வு, அதாவது மழைக்கோட்டுத் துணியில் இருக்கும் அதே சரக்கு, சின்னத் திருகு மூடியாகக் கிடைக்கிறது. காற்றும் ஆவியும் போகும், திரவ நீர் போகாது. நல்ல பொருள். ஆனால் அதை மாட்டிவிட்டால் உள்ளே ஈரமே வராது என்று நினைக்கக் கூடாது. ஆவி இரண்டு பக்கமும் போகும் என்பதால் வெளியே எவ்வளவு ஈரமோ கொஞ்ச நேரத்தில் உள்ளேயும் அவ்வளவு. உள்ளே திரவமாகச் சேர்ந்த நீர் வடியவும் வடியாது. அது தடுப்பது உறிஞ்சலை மட்டும்தான்.

காற்றோட்டம் பற்றிய இந்த யோசனை புதிதும் இல்லை. தாமஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக் கலங்கரை விளக்கப் பொறியாளர் 1860களில் வடிவமைத்த சரிவுப் பலகைப் பெட்டியைத்தான் உலகமெங்கும் வானிலை நிலையங்கள் தெர்மாமீட்டர் வைக்கப் பயன்படுத்தின. வெயில் படாது, மழை படாது, காற்று மட்டும் தாராளமாகப் போய்வரும். இன்று சென்சார்களுக்கு மாட்டும் அடுக்குத் தட்டு மறைப்பு அதன் பேரப்பிள்ளை.

இப்போது கேபிள். நீர் வரும் வழிகளில் யாரும் சந்தேகப்படாத வழி இது.

கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அதை ரப்பரால் இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்டை எல்லோரும் ஒழுங்காகவே மாட்டுகிறார்கள். பெட்டியின் அடிப்பக்கம் வழியாகத்தான் நுழைக்க வேண்டும் என்பதும், நுழையும் முன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும் என்பதும் பலருக்குத் தெரியும். பி.ஜி7 என்ற அளவுள்ள கிளாண்ட் 3 முதல் 6.5 மில்லிமீட்டர் வரையுள்ள உருண்டையான கேபிளுக்கு. அதில் மெல்லிய ஒயர் இரண்டை ஒன்றாக நுழைத்தால் ரப்பர் இரண்டுக்கும் நடுவே பொருந்தாது. அங்கே ஒரு முக்கோணச் சந்து நிற்கும். இதுவரை சரி.

எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே, டெர்மினலில் மாட்டிய ஒயரின் உரித்த நுனியிலேயே நீர் கோர்த்து நிற்பதைப் பார்க்கலாம். கிளாண்ட் காய்ந்திருக்கும், கேஸ்கெட் காய்ந்திருக்கும், நுனியில் மட்டும் ஒரு சொட்டு. அந்த ஒயரைக் கொஞ்சம் நீளமாக உரித்துப் பார்த்தால் பளபளக்க வேண்டிய செம்பு இழைகள் கறுத்துக் கிடக்கும். எவ்வளவு தூரம் உரித்தாலும் கறுப்பு. பல இழை ஒயரின் இழைகளுக்கு நடுவே இருப்பது மெல்லிய குழாய்களின் கட்டு. மறுமுனை, சென்சார் பக்கம், எங்கோ வெட்ட வெளியில் சரியாக மூடாமல் இருந்தால் நீர் தந்துகிக் கவர்ச்சியால் அந்த இழைகளுக்குள் ஏறும். மேலே பெட்டி குளிரும்போதெல்லாம் உறிஞ்சல் அதை மேலும் இழுக்கும். மீட்டர் கணக்கில் கேபிளுக்கு உள்ளேயே பயணம் செய்து சரியாக டெர்மினலில் வந்து இறங்கும். கிளாண்ட் என்ன செய்யும், பாவம்? அது உறைக்கு வெளியே மட்டும்தான் காவல்.

இதைத் தடுக்க இழைகளுக்கு நடுவே ஓர் அணை கட்ட வேண்டும். சென்சார் முனையில் ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு உறையை நீக்கி, இழைகள் முழுக்க ஊறும்படி ஈயம் வைத்து, அந்த இடத்தை சூட்டில் சுருங்கும், உட்பசை உள்ள ஹீட்ஷ்ரிங்க் குழாயால் மூடுவேன். கேபிள் உறை முடியும் இடத்துக்கும் சேர்த்துப் பெரிதாக இன்னொன்று. சாதாரண ஹீட்ஷ்ரிங்க் இங்கே உதவாது. சூடாக்கும்போது ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும். வெளி இணைப்புகளுக்குச் சாதாரண இன்சுலேஷன் டேப் இன்னும் மோசம். வெயிலில் அதன் பசை இளகிப் பிசுபிசுத்து, நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பையாகிவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுவது பரவாயில்லை.

அடுத்தது போர்டு. எப்படியும் ஒருநாள் பனி படியத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டே அதைச் செய்ய வேண்டும்.

சுத்தமான நீர் ஏறக்குறைய மின்சாரம் கடத்தாது. போர்டைக் கொல்வது நீரில் கரைந்த உப்பும், அதன் குறுக்கே நிற்கும் டி.சி மின்னழுத்தமும். விரல் பட்ட வியர்வை, ஈயம் வைத்தபின் துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ் பசை, காற்றில் வரும் தூசி எல்லாமே உப்பு தருபவை. பாசிட்டிவ் பக்கத்துச் செம்பு கரைந்து நெகட்டிவ் பக்கம் போய் மெல்லிய கிளைகளாக வளரும். நீரைப் பிளக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். நம் போர்டுகளில் ஓடும் 3.3 வோல்ட் தாராளம். களிம்பு பிடித்த போர்டை உற்றுப் பார்த்தால், சப்ளை வரும் பின்னும் எப்போதும் உயர்நிலையில் நிற்கும் பின்களும்தான் அதிகம் அரித்திருக்கும். கிரவுண்ட் தடங்கள் அநேகமாகத் தப்பித்திருக்கும். ஈரத்தில் கிடக்கும் சென்சாருக்கு, அளக்கும் அந்த ஒரு நொடி மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு மற்ற நேரம் துண்டித்து வைப்பது இதனால்தான். இரண்டு கம்பிகளை மண்ணில் குத்தும் மலிவான ஈரப்பத சென்சாருக்கு எப்போதும் மின்சாரம் கொடுத்து வைத்தால் சீக்கிரமே ஒரு கம்பி காணாமலே போய்விடும்.

கடல் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. சாப்பாட்டு உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்திலேயே காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ 33 சதவீதத்திலேயே. அப்படிப்பட்ட போர்டு பனி படியாமலே ஈரமாக இருக்கும். காய்வது என்பதே கிடையாது. அங்கே மட்டும் நான் சொன்ன திறந்த ஓட்டையைவிட மெம்பரேன் நல்லது.

போர்டு சாவதற்கு முன்னால் ஓர் அறிகுறி காட்டும். விடியற்காலையில் அளவீடுகள் தாறுமாறாகப் போய், வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல் சரியாகிவிடும். பேட்டரி அளக்க ஒரு மெகாஓம் ரெசிஸ்டர் இரண்டை வைத்திருந்தால் அவற்றின் நடுப்புள்ளிதான் முதலில் உளறும். ஏனென்றால் ஈரப் படலத்தின் கசிவும் அதே மெகாஓம் கணக்கில்தான் இருக்கும். சுவிட்ச், மழைமானி போன்ற வெளி இணைப்புகளுக்குச் சிப்புக்குள் இருக்கும் புல்-அப்பை (பின்னை உயர்நிலையில் இழுத்து வைக்கும் ரெசிஸ்டரை) நம்பாமல் 4.7 கிலோஓம் ஒன்றை வெளியே வைப்பது என் வழக்கம். மின்சாரம் கொஞ்சம் கூடச் செலவாகும், தொலையட்டும்.

போர்டு மேல் ஈரம் படாமலிருக்க ஒரு பூச்சு அடிக்க வேண்டும். அதற்கு முன் கழுவுதல். இதில் அவசரப்படுபவர்கள்தான் அதிகம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு நாலு தடவை தேய்த்தால் ஃப்ளக்ஸ் போகாது, போர்டு முழுக்கப் பரவி மெல்லிய வெள்ளைப் படலமாகும். நிறைய ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, புது ஆல்கஹாலில் இன்னொரு முறை அலசி, வெதுவெதுப்பான இடத்தில் நன்றாகக் காயவைக்க வேண்டும். கழுவாத ஃப்ளக்ஸ் மேல் பூச்சு அடித்தால் அழுக்கைப் பாதுகாத்து வைத்ததாகத்தான் ஆகும்.

பூச்சுகளில் எனக்குப் பிடித்தது அக்ரிலிக். காப்பு கொஞ்சம் குறைவு; ஆனால் கரைப்பானில் கரையும், அதனால் ரிப்பேர் செய்யலாம். சிலிக்கோன் பூச்சு ஈரத்தையும் வெப்பத்தையும் அதைவிட நன்றாகத் தாங்கும், பிரித்து வேலை செய்வதுதான் கஷ்டம். இரண்டிலுமே புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிரும் வகை கிடைக்கிறது. அதை வாங்கினால் அடித்து முடித்ததும் இருட்டில் விளக்கைக் காட்டிப் பார்க்கலாம். சிப் கால்களின் கூர்முனைகளில் பூச்சு வழிந்து இறங்கியிருப்பது கண்கூடாகத் தெரியும். ஆகவே மெல்லியதாக இரண்டு முறை, திசை மாற்றி. நெயில் பாலிஷும் அவசரத்துக்கு வேலை செய்யும், பிறகு வெடித்து உதிரும். எந்தப் பூச்சும் நீராவியை முழுசாக நிறுத்தாது. இரண்டு கால்களுக்கு நடுவே நீர்ப்படலம் தொடர்ச்சியாக நிற்காமல் செய்வதுதான் அதன் வேலை. கனெக்டர், சுவிட்ச், காற்றழுத்த சென்சாரின் துளை, ஈரப்பத சென்சாரின் ஜன்னல் ஆகியவற்றை டேப் ஒட்டி மறைக்காமல் ஸ்ப்ரேயைக் கையில் எடுக்கக் கூடாது. கனெக்டர்களுக்குச் சிலிக்கோன் கிரீஸ். மண்ணில் குத்தும் கெபாசிட்டிவ் சென்சாருக்கு, போர்டை வெட்டிய விளிம்புகளில் எபாக்சி தடவ வேண்டும். நீர் அந்த விளிம்பில்தான் ஊறி உள்ளே போகிறது.

பசைகள் பற்றி ஒரு வார்த்தை. வினிகர் வாசனை வரும் சிலிக்கோன் காயும்போது அசெட்டிக் அமிலம் விடும். செம்புக்குப் பக்கத்தில் அதற்கு வேலையே இல்லை. மின்னணுச் சாதனங்களுக்கு என்று போட்டிருக்கும் நியூட்ரல் வகையை வாங்குங்கள். ஹாட் க்ளூ வெயிலில் இளகி, வழவழப்பான பிளாஸ்டிக்கை விட்டுப் பிரிந்து, அடியில் நீர் தங்க இடம் கொடுக்கும். மொத்த போர்டையும் எபாக்சியில் மூழ்கடிப்பது கெட்டியான வழிதான். ஆனால் கெட்டியான எபாக்சியும் போர்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் செராமிக் கெபாசிட்டர்கள் விரிசல் விடுவதுண்டு, அப்புறம் திறக்கவும் முடியாது. விரல் அளவு சென்சாருக்குச் சரி. பெரிய போர்டுக்கு வேண்டாம்.

பெட்டியின் பிளாஸ்டிக்கும் வெயிலில் கிழடு தட்டும். ஏ.பி.எஸ் மஞ்சளித்து நொறுங்கும், ஏ.எஸ்.ஏ நின்று பிடிக்கும். முப்பரிமாண அச்சில் செய்தால் பி.எல்.ஏ வேண்டாம், 60 டிகிரியிலேயே தளர்ந்து கோணிவிடும். அந்த அச்சின் அடுக்குகளுக்கு நடுவே நீர் கசியும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கேபிள் கட்டும் நைலான் டையில் வெள்ளையைத் தவிர்த்து, புற ஊதாவைத் தாங்கும் கறுப்பை வாங்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் பரிசோதனை கூடாது. 230 வோல்ட்டை வீட்டில் செய்த போர்டோடு வெளியில் வைக்க மாட்டேன். அடாப்டர் வீட்டுக்குள், 12 வோல்ட் மட்டும் வெளியே. மோட்டாருக்கு மெயின்ஸ் வேண்டும் என்றால் ரிலேயும் உள்ளே, அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச், வேலை தெரிந்த எலக்ட்ரீஷியன் கையால்.

இவ்வளவும் செய்த பிறகு பெட்டி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைத் திறக்க வேண்டியதில்லை. வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் பி.எம்.இ280 போன்ற ஒரு சென்சாரைப் பெட்டிக்குள் வைத்து, வெளியே நிழலில் இருக்கும் இன்னொன்றோடு சேர்த்துப் பதிவு செய்யுங்கள். ஈரப்பத சதவீதத்தை அப்படியே ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும், வெப்பம் மாறினாலே அது மாறிவிடும். பனிநிலையாக மாற்றிக்கொள்ள வேண்டும். ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எளிய வழி ஒன்று உண்டு: 100லிருந்து ஈரப்பத சதவீதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, அதை வெப்பநிலையிலிருந்து கழித்தால் பனிநிலை கிட்டத்தட்ட வந்துவிடும். உள்ளே வெயிலில் ஈரப்பதம் அதற்குக் கீழே போகும்போது முழுச் சூத்திரம்தான் வேண்டும்.

வரைபடத்தில் உள் கோடு வெளிக் கோட்டுக்குக் கீழேயே நாள்கணக்கில் நின்றால் பெட்டி நிஜமாகவே மூடியிருக்கிறது. ஜெல் அதில் வேலை செய்யும். ஜெல் நிறைந்ததும் எடுத்து 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். உச்சி வெயிலில் உள் கோடு கொஞ்சம் மேலே ஏறுவதும் சகஜம், சூட்டில் ஜெல்லும் பிளாஸ்டிக்கும் பிடித்து வைத்த நீரை விடும். ஆனால் தினமும் பகலில் வெளிக் கோட்டைவிட வெகு உயரத்துக்குத் தாவுகிறது என்றால் உள்ளே திரவ நீர் நிற்கிறது என்று அர்த்தம். திருகாணியைக் கழற்றிப் பாருங்கள், வடிகால் ஓட்டை அடைத்திருக்கும், இல்லை அது தாழ்ந்த மூலையில் இல்லை. இரண்டு கோடுகளும் ஒட்டியே நடந்தால் பெட்டிக்கு நல்ல காற்றோட்டம். அதில் ஜெல் போடுவது வீண். ஊரிலுள்ள காற்றையெல்லாம் அது காயவைக்க முடியாது. எடுத்துவிட்டு அந்த இடத்தில் போர்டை இன்னும் ஒரு விரல்கடை உயர்த்தி வையுங்கள்.